புதிய மாநிலத்தில் ஆசிரியர் பதிவு: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாடு போகவிருக்கும் ஆசிரியர்களும் அவர்களின் குடும்பத்தினரும் அனுப்பிய கடிதங்களே இம்முறை அதிகம். அவற்றில் பொதுவாக வருபவற்றைத் தெரிந்தெடுத்துப் பதில் தருகிறோம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். இங்கே இலங்கை ஆசிரியர் சேவை என்ற ஒரே சேவை நாடு முழுவதற்கும் உண்டு. வெள்ளவத்தையில் படிப்பித்தவர் இடமாற்றம் கிடைத்தால் மறுநாளே வவுனியாவில் படிப்பிக்கலாம். அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆசிரியரைப் பதிவு செய்யும் அதிகாரம் அந்தந்த மாநிலத்துக்கு உரியது. எனவே எந்த நாடு என்பதோடு எந்த மாநிலம் என்பதையும் முடிவு செய்துகொண்டு கடதாசி சேர்க்கத் தொடங்குங்கள்.

ஆசிரியை, கொட்டாஞ்சேனை

கேள்வி: மூன்று வருடக் கலைமாணிப் பட்டமும் திறந்த பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் உள்ளன. பன்னிரண்டு வருடம் இடைநிலை வகுப்புகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். கணவரின் வேலை விசாவில் மெல்பேர்ன் போகிறோம். என் சேவைக் காலத்தைக் காட்டினால் பதிவு கிடைக்குமா?

பதில்: சேவைக் காலம் பின்னர் சம்பளப் படியைத் தீர்மானிக்கும்போது கைகொடுக்கும். பதிவுக்கு அவர்கள் பார்ப்பது வேறு.

முதலில், எந்தக் கதவைத் தட்டுவது என்பதில் குழப்பம் வேண்டாம். குடிவரவுக்காக ஆசிரியத் திறனை மதிப்பிடுவது எய்ட்சில் எனப்படும் தேசிய நிறுவனம். ஆசிரியர் என்ற தொழிலைக் காட்டி நீங்களே விசாவுக்கு விண்ணப்பித்தால்தான் அந்த மதிப்பீடு தேவை. கணவரின் விசாவில் துணையாகப் போகும் உங்களுக்கு அது கட்டாயமில்லை. மெல்பேர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் பதிவுச் சபையான வி.ஐ.ரி.க்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் எய்ட்சிலுக்குப் பெருந்தொகை கட்டிவிட்டு, அதையே பதிவு என்று நினைத்துப் போய் இறங்கியவர்கள் உண்டு. எய்ட்சிலின் கடிதத்தைக் காட்டி எந்த மாநிலத்திலும் வகுப்பெடுக்க முடியாது.

அடுத்தது படிப்பு. முழுநேரக் கணக்கில் குறைந்தது நான்கு வருட உயர்கல்வி வேண்டும். அதற்குள் குறைந்தது ஒரு வருடம் ஆசிரியப் பயிற்சியாக இருக்க வேண்டும். உங்கள் மூன்றும் ஒன்றும் சேர்ந்தால் நான்கு. அங்கே சிக்கல் வராது.

சிக்கல் வரும் இடம் கற்பித்தல் பயிற்சி. மேற்பார்வையின் கீழ் குறைந்தது 45 நாள் கற்பித்திருக்க வேண்டும் என்பது எய்ட்சிலின் அளவுகோல். மாநிலங்களும் இதே விபரத்தைத்தான் தேடும். நம் பல்கலைக்கழகங்களின் பெறுபேற்றுத் தாளில் 'கற்பித்தல் பயிற்சி – சித்தி' என்று ஒரு வரி இருக்கும். எத்தனை நாள், எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று இருக்காது. பன்னிரண்டு வருடம் தினமும் ஆறு பாடவேளை எடுத்திருந்தாலும் அந்த 45 நாளுக்கு அது ஈடாகாது. மேற்பார்வையாளர் வந்து பார்த்து, புள்ளியிட்டு, டிப்ளோமாவின் ஒரு பகுதியாகக் கணக்கெடுத்த நாட்களே செல்லும்.

ஆகவே நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பதிவாளர் பெயரில் ஒரு விண்ணப்பம் கொடுத்து, தனிக் கடிதம் ஒன்று கேளுங்கள். நிறுவனத்தின் கடிதத் தலைப்பில், பட்டச் சான்றிதழில் உள்ளபடி உங்கள் பெயரும் மாணவர் பதிவிலக்கமும் இருக்க வேண்டும். பயிற்சி தொடங்கிய, முடிந்த திகதிகள், பாடசாலையின் பெயர், வேலைநாட்களின் எண்ணிக்கை, படிப்பித்த தரங்கள், பாடங்கள் எல்லாம் வர வேண்டும். பயிற்சி மேற்பார்வை செய்யப்பட்டு மதிப்பிடப்பட்டது என்ற வாக்கியம் விடுபடக் கூடாது. தரத்தோடு வயதையும் எழுதச் சொல்லுங்கள்: 'தரம் 6 முதல் 11 வரை, வயது 11 முதல் 16 வரை'. நமது தர முறை அங்குள்ள அலுவலருக்குத் தெரியாது. வயதைப் பார்த்துத்தான் ஆரம்பநிலையா இடைநிலையா என்று முடிவு செய்வார்.

நாட்கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. 'பத்து வாரம்' என்று மட்டும் எழுதித் தந்தால், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 50, மூன்று நாள் என்றால் 30. முதலாவது தேறும், இரண்டாவது தேறாது. வாரம் என்று எழுதிய கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். நாள் எண்ணிக்கை இலக்கத்தில் இருக்க வேண்டும். பயிற்சிக் காலப் பதிவேடு, பாடத்திட்டக் குறிப்பேடு, மேற்பார்வையாளரின் அறிக்கைப் பிரதி ஏதாவது வீட்டில் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். பழைய கோவையைத் தேடி எடுக்க வேண்டிய லிகிதருக்கு அது பெரிய உதவி.

ஆசிரியர், வெள்ளவத்தை

கேள்வி: கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக் கல்வி நெறி முடித்து ஆசிரியரானேன். பட்டம் இல்லை. அவுஸ்திரேலியாவில் பதிய முடியுமா?

பதில்: டிப்ளோமாவை மட்டும் வைத்து முடியாது. இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பும் ஒரு வருடக் கட்டுறு பயில்வு என்ற பாடசாலைப் பயிற்சியுமாக மொத்தம் மூன்று வருடம். கேட்பது நான்கு வருடம், அதுவும் பல்கலைக்கழகத் தரத்தில். கல்விமாணிப் பட்டத்தை இங்கேயே முடித்துவிடுவது செலவிலும் காலத்திலும் லாபம். திறந்த பல்கலைக்கழகமும் மஹரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகமும் சேவையிலிருந்தபடியே படிக்க வழி தருகின்றன. பட்டத்தில் உங்கள் நெறி ஆரம்பக் கல்வியோடு பொருந்துகிறதா என்று சேரும்போதே பாருங்கள். ஆரம்பநிலையில் பயிற்சியும் இடைநிலையில் பட்டமுமாக இருந்தால் இரண்டு பக்கத்திலும் கேள்வி எழும்.

கோப்பாயோ, தாழங்குடாவோ, அட்டாளைச்சேனையோ, பத்தனையோ, எந்தக் கல்லூரியில் படித்தீர்களோ அங்கிருந்து கட்டுறு பயில்வு பற்றிய நாட்கணக்குக் கடிதத்தை இப்போதே எடுத்துவிடுங்கள். பட்டத்துக்குள் நடக்கும் பயிற்சி குறைவாக இருந்தால் முன்வைக்க உங்களிடம் இருக்கும் சான்று அதுவே.

இதற்கிடையில் போக நேர்ந்தால், விக்டோரியாப் பாடசாலைகளில் வகுப்பறை உதவியாளர் வேலைக்கு ஆசிரியர் பதிவு தேவையில்லை. சிறுவரோடு பணிபுரிவதற்கான அனுமதி அட்டை இருந்தால் போதும்.

பட்டதாரி ஆசிரியை, தெஹிவளை

கேள்வி: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பட்டத்தில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் கணவரின் பெயரோடு இன்னொன்று. இது பிரச்சினையாகுமா?

பதில்: ஆகும். தமிழ் விண்ணப்பதாரரின் கோவைகள் மாதக்கணக்கில் தேங்கி நிற்பதற்கு இது முக்கிய காரணம். தகுதியில் குறை இல்லாமல் பெயரில் மட்டும் தட்டுப்படுவது வேதனைதான். ஆனால் முன்கூட்டியே சரிசெய்துகொள்ளலாம்.

எங்கே பிசகுகிறது என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் 'மாலதி' என்று மட்டும் இருக்கும். தந்தையின் பெயர் வேறு கட்டத்தில். சாதாரணதரச் சான்றிதழில் 'சி. மாலதி'. பட்டத்தில் 'சிவலிங்கம் மாலதி'. கலியாணத்துக்குப் பிறகு எடுத்த கடவுச்சீட்டில் 'மாலதி ரவிச்சந்திரன்'. நமக்கு இது ஒரே ஆள். குடும்பப் பெயர், இடுபெயர் என்று இரண்டே கட்டம் கொண்ட கணினிக்கு இது நான்கு ஆள். போதாததற்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு தாளில் 'ஐ' எழுத்திலும் இன்னொரு தாளில் 'வை' எழுத்திலும் முடிந்திருக்கும்.

செய்ய வேண்டியது இது. எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுங்கள். பிறகு சத்தியப்பிரமாண ஆணையாளர் ஒருவர் முன்னிலையில் ஆங்கிலத்தில் ஒரே சத்தியக்கடதாசி முடியுங்கள். ஒவ்வொரு வடிவத்தையும், அது எந்தத் தாளில் வருகிறது என்பதையும் குறிப்பிட்டு, எல்லாம் நானே என்று உறுதிப்படுத்த வேண்டும். முதலெழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பது, அது குடும்பப் பெயர் அல்ல என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் அங்குள்ளவருக்கு உடனே விளங்கும். விவாகப் பதிவுச் சான்றிதழையும் இணையுங்கள். விண்ணப்பத்தில் கடவுச்சீட்டுப் பெயரையே போட்டு, மற்றவற்றை 'முன்னைய பெயர்கள்' என்ற இடத்தில் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். பட்டத்தில் பெயரைத் திருத்தித் தரச்சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு அலைவதில் காலத்தைப் போக்க வேண்டாம். சத்தியக்கடதாசி போதும்.

தமிழிலும் சிங்களத்திலும் உள்ள தாள்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது, கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து அதே எழுத்துக்கூட்டலில் எழுதச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் தனக்குச் சரியென்று பட்டபடி எழுதுவார். ஐந்தாவது பெயர் ஒன்று பிறந்துவிடும்.

விஞ்ஞான ஆசிரியர், பம்பலப்பிட்டி

கேள்வி: பட்டம் முழுவதும் ஆங்கில மொழிமூலம். அப்படியிருந்தும் அவுஸ்திரேலியப் பதிவுக்கு ஐயெல்ட்ஸ் ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டுமா?

பதில்: வேண்டும். விலக்கு மொழிமூலத்தைப் பார்த்துத் தருவதல்ல, படித்த நாட்டைப் பார்த்துத் தருவது. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், அயர்லாந்து ஆகியவற்றில் படித்தவருக்கே விலக்கு. ஆங்கில மொழிமூலம் என்று பல்கலைக்கழகம் தரும் கடிதம் இங்கே உதவாது.

ஐயெல்ட்ஸில் அக்கடமிக் பரீட்சையை எழுதுங்கள். குடிவரவுக்கென்று பலர் எழுதும் ஜெனரல் பரீட்சை ஆசிரியருக்குச் செல்லாது. வாசிப்பிலும் எழுத்திலும் 7, கேட்டலிலும் பேச்சிலும் 8, எல்லாம் ஒரே அமர்வில் வேண்டும். கேட்டலில் 8 என்றால் 40க்கு ஏறத்தாழ 35 சரி. வாசிப்பில் 7க்கு 30 அளவில் போதும். ஆக, கேட்டலில் ஐந்து பிழைக்குத்தான் இடம். நம்மவர் பிழைவிடுவது விளங்காமல் அல்ல. பன்மை விகுதியைக் கைவிடுவதிலும் எழுத்துக்கூட்டலிலும்தான் புள்ளி போகிறது. விடை சரி, எழுத்து பிழை என்றால் அந்தப் புள்ளி இல்லை. பயிற்சி செய்யும்போது விடைகளைப் பென்சிலால் முழுதாக எழுதித் திருத்துங்கள். மனதுக்குள் சரி என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள்.

பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடம். மனப்பாடம் செய்த பந்தி வாயில் வந்தால் பரீட்சகர் உடனே கண்டுகொள்வார். வகுப்பில் பாடம் விளக்குவது போலத் திரும்பத் திரும்ப ஒரே சொல்லில் சொல்வதும் குறைக்கும். ஒரே கருத்தைப் பல விதமாகச் சொல்லப் பழகுங்கள். பெறுபேறு இரண்டு வருடத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், கற்பித்தல் பயிற்சிக் கடிதம் கைக்கு வருமுன் அவசரப்பட்டுப் பரீட்சை எழுத வேண்டாம்.

ஓய்வுபெற்ற அதிபர், வத்தளை

கேள்வி: என் மருமகள் மெல்பேர்னில் ஒன்றரை வருடமாக ஆசிரியை. மகனுக்கு சிட்னியில் வேலை கிடைத்து ஜனவரியில் குடிபெயர்கிறார்கள். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு மாநிலத்தில் பதிவுள்ளவரை மற்ற மாநிலம் ஏற்பதற்கு 1992ஆம் ஆண்டின் பரஸ்பர அங்கீகாரச் சட்டம் இருக்கிறது. பட்டத்தையும் கற்பித்தல் பயிற்சியையும் மறுபடி எடைபோட மாட்டார்கள். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் சபையான நெசாவுக்கு அந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க வேண்டும். புதிய விண்ணப்பதாரருக்கான சாதாரணப் படிவத்தை நிரப்பினால் கொழும்புக் கடதாசிகள் அத்தனையையும் மறுபடி கேட்பார்கள். முறையாகக் கிடைத்த விண்ணப்பத்துக்கு ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

இந்த வழி திறந்திருக்க ஒரு நிபந்தனை உண்டு. விக்டோரியாப் பதிவு அந்த நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். அங்கே வருடப் பதிவு செப்டெம்பர் 30இல் முடிகிறது. 'ஜனவரியில் போகிறோமே, எதற்கு இன்னொரு வருடக் காசு?' என்று கட்டாமல் விடுவதுதான் மிகக் கூடிய நட்டத்தைத் தரும் தவறு. பதிவு காலாவதியானால் அங்கீகரிக்க எதுவும் இருக்காது. நெசாவின் முடிவு எழுத்தில் கைக்கு வரும்வரை விக்டோரியாப் பதிவைப் பேணச் சொல்லுங்கள்.

ஒன்றரை வருடம் என்கிறீர்கள். அவர் இன்னும் தற்காலிகப் பதிவில்தான் இருப்பார் என்று நினைக்கிறோம். விக்டோரியாவில் முழுப் பதிவுக்கு 80 நாள் கற்பித்திருக்க வேண்டும். தன் வகுப்பையே எடுத்துக்கொண்டு, ஒரு கேள்வியை முன்வைத்துக் கற்பித்து, மாணவர் கற்றதை ஆதாரத்தோடு காட்டும் ஒரு கோவையும் தயாரிக்க வேண்டும். அங்கீகாரம் எந்த நிலையில் இருக்கிறீர்களோ அதே நிலையில்தான் கிடைக்கும். தற்காலிகமாகப் போனால் சிட்னியிலும் தற்காலிகமே, அங்குள்ள முறைப்படி மேல்நிலைக்கான சான்றுகளைப் புதிதாகத் திரட்ட வேண்டும். கோவை பாதிக்கு மேல் முடிந்திருந்தால், நவம்பருக்குள் இருக்கும் பாடசாலையிலேயே அதிபரின் பரிந்துரையோடு முழுப் பதிவை முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. வகுப்பும் வழிகாட்டும் ஆசிரியரும் மாறிவிட்டால் அந்த ஆதாரங்களை மறுபடி எடுப்பது கடினம்.

இன்னும் இரண்டு. விக்டோரியாவில் பதிவுள்ள ஆசிரியருக்குச் சிறுவரோடு பணிபுரியும் அனுமதி அட்டை தனியாகத் தேவையில்லை. நியூ சவுத் வேல்ஸில் தேவை. இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு அடையாளப் பத்திரங்களோடு சேர்விஸ் நியூ சவுத் வேல்ஸ் கந்தோருக்கு நேரில் போக வேண்டும். ஐந்து வருடம் செல்லும். இதை மறந்துவிட்டுப் பாடசாலை தொடங்கும் வாரத்தில் ஓடித்திரிவோர் பலர். மற்றது, அரச பாடசாலையில் வேலை பார்க்க அந்த மாநிலக் கல்வித் திணைக்களத்தின் 'கற்பிக்க அனுமதி' தனியாக வேண்டும். நெசாவின் பதிவு வேறு, இது வேறு. கத்தோலிக்க, தனியார் பாடசாலைகளுக்கு இது வேண்டியதில்லை. ஜனவரிக் கடைசியில் வகுப்பு தொடங்கும் என்பதால் ஒக்டோபரிலேயே இரண்டையும் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

'தானியங்கி அங்கீகாரம்' என்று ஒன்று 2021இல் வந்ததே என்று யாராவது சொல்வார்கள். அது வீடும் பதிவும் ஒரு மாநிலத்தில் இருக்க, இன்னொரு மாநிலத்தில் போய் வேலை செய்பவருக்கு. குடிபெயர்பவருக்குப் பொருந்தாது.

தாயார் ஒருவர், கொழும்பு 6

கேள்வி: மகள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் கணித ஆசிரியை. மருமகனுக்கு நியூயோர்க்கில் வேலை. டெக்சாஸ் சான்றிதழோடு அங்கே படிப்பிக்கலாமா? டிசம்பரிலேயே போகலாமா என்றும் யோசிக்கிறாள்.

பதில்: டிசம்பர் என்ற சொல்லைப் பார்த்ததும் முதலில் அதற்குத்தான் பதில். டெக்சாஸில் கல்வியாண்டின் முதல் பாடநாளுக்கு 45 நாள் முன்வரை தண்டனையின்றி ஒப்பந்தத்தை விட்டு விலகலாம். அதற்குப் பிறகு, பாடசாலை நிர்வாகத்தின் இணக்கமில்லாமல் நடுவருடத்தில் போனால் 'ஒப்பந்தத்தைக் கைவிட்டவர்' என்று மாநிலச் சபைக்கு முறையிட முடியும். சான்றிதழ் ஒரு வருடம்வரை இடைநிறுத்தப்படலாம். அந்தத் தண்டனை டெக்சாஸோடு நிற்காது. மாநிலங்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பதிவேட்டில் ஏறி நியூயோர்க்கிலும் தெரியும். கணவரின் இடமாற்றத்தைச் சொல்லி எழுத்தில் விடுவிப்புக் கேட்கட்டும். எழுத்தில் 'சம்மதம்' வந்த பிறகே பெட்டி கட்ட வேண்டும். தராவிட்டால் மே மாதம்வரை பொறுத்திருப்பதே நல்லது. ஆறு மாதப் பிரிவு கஷ்டம்தான். சான்றிதழில் கறை படிந்தால் அதைவிட நீண்ட காலம் வீட்டில் இருக்க நேரும்.

இனிச் சான்றிதழ். மாநிலங்களிடையே ஒப்பந்தம் இருக்கிறது, தானாக மாறும் என்று பலர் நம்புகிறார்கள். பழைய ஒப்பந்தம் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வழி திறப்பதோடு சரி. மேலதிகப் பரீட்சையோ பாடநெறியோ கேட்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிமை உண்டு. ஆசிரியர் நகர்வுக்கான புதிய உடன்படிக்கை ஒன்று பத்து மாநிலங்கள் சேர்ந்ததும் 2023இல் செயலுக்கு வந்தது. அது பயன்பட வேண்டுமானால் விட்டுப்போகும் மாநிலமும் போய்ச்சேரும் மாநிலமும் இரண்டுமே உறுப்பாக இருக்க வேண்டும். சான்றிதழும் தற்காலிகமானதாக இருக்கக் கூடாது.

நியூயோர்க்கில் 'டீச்' என்ற இணையக் கணக்கு வழியாகத்தான் எல்லாம். எந்த வழியில் விண்ணப்பிக்கிறோம் என்று தெரிவு செய்யும் இடத்தில், வேறு மாநிலச் சான்றிதழ் உள்ளவருக்கான வழியைத் தெரிய வேண்டும். அங்கே கட்டாயமான பயிலரங்குகள் மூன்று: சிறுவர் துஷ்பிரயோகத்தை அடையாளம் காணல் 2 மணி, பாடசாலை வன்முறைத் தடுப்பு 2 மணி, மாணவர் கண்ணியச் சட்டம் பற்றியது 6 மணி. வெளிமாநிலத்தவர் விண்ணப்பம் இவற்றுக்காகவே அடிக்கடி நிலுவையில் கிடக்கும். கைவிரல் அடையாளமும் புதிதாகக் கொடுக்க வேண்டும். டெக்சாஸில் கொடுத்தது அங்கே செல்லாது. டெக்சாஸில் எத்தனை வருடம், எந்தப் பாடம், எந்த வகுப்பு என்பதை மாவட்ட நிர்வாகம் கையொப்பமிட்டுத் தரும் படிவத்தை விலகுமுன் வாங்கிவிடட்டும்.

மகளின் பட்டம் கொழும்பில் பெற்றதா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் பாடவாரியாக மதிப்பிட்ட அறிக்கை தேவைப்படும். நம் மூன்று வருடப் பொதுப் பட்டத்தை அமெரிக்க நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாக எல்லா மதிப்பீட்டாளரும் ஏற்பதில்லை. டெக்சாஸில் ஏற்றுக்கொண்ட அறிக்கையை நியூயோர்க்கும் ஏற்குமா என்று முதலில் கேட்டுவிட்டே வேறொன்றுக்குக் காசு கட்டவும்.

ஆசிரியர், மட்டக்குளி

கேள்வி: அரச பாடசாலையில் இருக்கிறேன். போகுமுன் கந்தோர்களில் எதையெல்லாம் எடுக்க வேண்டும்?

பதில்: இலங்கையில் ஆசிரியருக்கு உரிமப் பதிவு வழங்கும் சபை இல்லை. வெளிநாட்டுச் சபைகளோ, 'உங்கள் நாட்டுப் பதிவுச் சபையிலிருந்து நன்னிலைக் கடிதம் தாருங்கள்' என்று கேட்கும். அந்த இடத்தை நிரப்புவது உங்கள் சேவைக் கடிதம். மாகாணப் பாடசாலை என்றால் வலயக் கல்விக் கந்தோரும் மாகாணத் திணைக்களமும், தேசிய பாடசாலை என்றால் பத்தரமுல்லை இசுருபாயவிலுள்ள அமைச்சும் தர வேண்டும். நியமனத் திகதி, சேவையின் வகுப்பு, படிப்பித்த பாடங்கள், தரங்கள், முழுநேரமா என்பது எல்லாம் வேண்டும். ஒழுக்காற்று நடவடிக்கை எதுவும் இல்லை என்ற வாக்கியமும், நாட்டில் தனியான பதிவுச் சபை இல்லை என்ற வாக்கியமும் வர வேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் 'பதிவிலக்கம் எங்கே?' என்று கேட்டு மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கும். கொழும்பில் வழமையாகச் சிங்களத்தில் தருவார்கள். ஆங்கிலத்தில் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதி, மாதிரி வரைவு ஒன்றையும் இணைத்துக் கொடுங்கள்.

விடுமுறைக்கு அனுமதி எடுக்காமல் போய்விட்டால் 'பதவியை வறிதாக்கியவர்' என்று கடிதம் அனுப்புவார்கள். சுயவிபரக் கோவையில் அது ஏறியபின் நன்னிலைக் கடிதம் கேட்டால் யார் தருவார்? சம்பளமற்ற விடுமுறையோ பதவி விலகலோ, எதுவானாலும் ஏற்றுக்கொண்ட கடிதம் கையில் இருக்க வேண்டும்.

பொலிஸ் கிளியரன்ஸுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். வாடகைக்கு வீடு மாறி மாறி இருந்தவர்கள் எல்லா முகவரியையும் காலத்தோடு எழுதுங்கள். இடையில் ஆறு மாதம் விடுபட்டாலும் விசாரணை இழுபடும். மாலைதீவில் படிப்பித்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். கடந்த பத்து வருடத்துக்குள் அங்கே மொத்தம் பன்னிரண்டு மாதம் இருந்திருந்தால் விசாவுக்கு அந்நாட்டுப் பொலிஸ் அறிக்கையும் வேண்டும். அங்குள்ள பாடசாலையின் சேவைக் கடிதத்தையும் சேர்த்தே கேட்டு எடுங்கள். அதிபர் மாறிவிட்டால் உங்களைத் தெரிந்தவர் அங்கே இருக்க மாட்டார்.

சான்றிதழ்களுக்கு வெளிநாட்டமைச்சின் அத்தாட்சி கேட்டிருந்தால் பத்தரமுல்லை சுஹுருபாயவிலுள்ள கொன்சியூலர் பிரிவுக்குப் போக வேண்டும். யாழ்ப்பாணத்திலும் கிளை இருக்கிறது. அத்தாட்சி முத்திரை பின்பக்கத்தில் விழும் என்பதால் ஸ்கேன் செய்யும்போது இரு பக்கமும், வண்ணத்தில் எடுங்கள். முன்பக்கத்தை மட்டும் அனுப்பித் திரும்பி வந்த விண்ணப்பங்கள் உண்டு.

வாசகர், கொள்ளுப்பிட்டி

கேள்வி: தங்கை ரொறன்ரோ போகிறாள். மைத்துனர் இலண்டனில். அங்கும் இதே நடைமுறையா?

பதில்: ரொறன்ரோ என்றால் ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரி. பெயரில் கல்லூரி என்றாலும் அது பதிவுச் சபைதான். பெறுபேற்றுத் தாளைப் பல்கலைக்கழகமே நேரடியாக அவர்களுக்கு அனுப்ப வேண்டும், தங்கை கையால் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். பதிவாளர் பிரிவில் காசு கட்டிய பற்றுச்சீட்டையும் கூரியர் இலக்கத்தையும் வாங்கி வைக்கட்டும். இங்கிலாந்தில் தகுதிபெற்ற ஆசிரியர் நிலைக்கு நேரடியாக விண்ணப்பிக்கும் வாய்ப்பை 2023இல் மேலும் ஒன்பது நாடுகளுக்கு விரிவாக்கினார்கள். இந்தியா அதில் இருந்தது, இலங்கை இருக்கவில்லை. வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர் அந்த நிலை இல்லாமலே நான்கு வருடம்வரை அரச பாடசாலைகளில் கற்பிக்க இடமுண்டு. அந்த நான்கு வருடத்துக்குள் தகுதியை எடுத்துவிட வேண்டும். ஸ்கொட்லாந்துக்கு வேறு சபை.

தமிழாசிரியை, வெள்ளவத்தை

கேள்வி: நான் தமிழ் மட்டுமே படிப்பிப்பவள். அவுஸ்திரேலியாவில் எனக்கு என்ன இருக்கிறது?

பதில்: நீங்கள் நினைப்பதைவிடக் கூடவே இருக்கிறது. விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் தமிழ் உயர்தரப் பரீட்சைப் பாடம். பிள்ளையின் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளியில் அது சேரும். சமூகம் நடத்தும் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளில் படிப்பிக்கப் பதிவு தேவையில்லை. சிறுவரோடு பணிபுரியும் அனுமதி அட்டை போதும். போனவுடனே தொடங்கலாம் என்ற அளவுக்கு அங்கே ஆசிரியர் தேவை இருக்கும் ஊர்களும் உண்டு. விக்டோரியா மொழிப் பாடசாலை அரச பாடசாலை என்பதால் அங்கே படிப்பிக்க வி.ஐ.ரி. பதிவு வேண்டும். முழுத் தகுதி இல்லாதவருக்கு, பாடசாலை முன்வந்து கேட்டால், குறித்த காலத்துக்கு 'கற்பிக்க அனுமதி' (மேலே நியூ சவுத் வேல்ஸுக்குச் சொன்ன அனுமதி அல்ல) தரும் முறையும் அங்கே உண்டு.

முழுப் பதிவை நோக்கிப் போனால், தமிழை மட்டும் நம்பி இடைநிலை ஆசிரியராக முழுநேர வேலை தேடுவது கடினம். உங்கள் பட்டத்தில் புவியியலோ வரலாறோ கணிதமோ இரண்டாவது பாடமாக இருந்தால், அதில் எத்தனை அலகு படித்தீர்கள் என்பதைப் பெறுபேற்றுத் தாளில் தெளிவாகக் காட்டுங்கள். கற்பித்தல் பயிற்சிக் கடிதத்திலும் அந்தப் பாடத்தின் பெயர் வரட்டும்.